ஆகாயப் படங்கள் சொல்லும் கெடா வரலாறு



வரலாறு என்றதும் நம் நினைவுக்கு வருவன கல்வெட்டு, செப்பேடு, அரசாங்கக் கடிதம், துரைமார் எழுதி வைத்த கணக்குப் புத்தகம் ஆகியவைதாம். இவற்றில் தோட்டத்து மக்களாகிய நம்முடைய பேச்சு மிகக் குறைவு. கணக்குப் புத்தகத்தில் நம் பாட்டனார் ஒரு பெயரும் ஓர் எண்ணும்; சம்பளப் பட்டியலில் ஒரு கைநாட்டு. அவ்வளவே. ஆனால், நம்மைப் பிடிக்க வேண்டும் என்று எண்ணாமலேயே நம்மையும் சேர்த்துப் பிடித்து வைத்த ஒரு வகைச் சான்று உண்டு. விமானத்திலிருந்து எடுக்கப்பட்ட பழைய நிழற்படங்களே அவை. பினாங்கு நகரையும், அதற்கு எதிரே பிறையிலிருந்து மூடா ஆறு, மெர்போக் ஆறு, ஜெராய் மலை, யான் வரை நீளும் நிலப்பகுதியையும் பற்றிய அத்தகைய படங்களைக் குறித்தே இன்று பேச இருக்கிறோம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். ஆகாயப் படம் என்பது மலையுச்சியில் நின்று பார்க்கும் காட்சி போன்றது அன்று. ஜெராய் மலை 1,217 மீட்டர் உயரம். அதன் உச்சிக்குச் சென்றவர்கள் மேற்கே யான் கடற்கரையையும், வடக்கே வயல்வெளியையும், தெற்கே மெர்போக் முகத்துவாரத்தையும், வானம் தெளிந்த நாளில் பினாங்குத் தீவையும் பார்த்திருப்பார்கள். அது சாய்ந்த பார்வை. அருகில் உள்ளது பெரிதாகவும் தொலைவில் உள்ளது சிறிதாகவும் தோன்றும். படம் பிடிக்கும் விமானத்திலோ, கேமரா அதன் வயிற்றுப் பகுதியில் தரையை நேர்கீழாக நோக்கிப் பொருத்தப்பட்டிருக்கும். அந்தக் கண்ணுக்குக் கோயில் கோபுரமும் கோழிக்கூண்டும் ஒன்றே. இரண்டும் வெறும் கூரை.

எங்கள் பள்ளியில் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளிடம், காக்கை பார்ப்பது போல் நம் தோட்டத்தை வரைந்து வாருங்கள் என்று சொல்வதுண்டு. பந்துத் திடலை மேலிருந்து பார்த்தபடி சரியாக வரைந்துவிடுவார்கள். கோயிலுக்கு வந்ததும் கை தானாக வாசலையும் கோபுரத்தையும் போட்டுவிடும். சாமியை யாராவது கூரைக்கு மேலிருந்து பார்ப்பார்களா என்பது அவர்கள் கேள்வி. நியாயமான கேள்விதான். ஆகாயப் படத்தைப் படிக்கப் பழகுவதென்றால் இந்தப் பழக்கத்தைச் சற்றே ஒதுக்கி வைக்க வேண்டியிருக்கிறது.

அளவும் பழக வேண்டிய ஒன்று. இருபத்தையாயிரத்தில் ஒரு பங்கு என்ற அளவில் உள்ள படத்தில், ஒரு சென்டிமீட்டர் என்பது தரையில் 250 மீட்டர். அறுபது மீட்டர் நீளமுள்ள ஒரு லயம் அந்தப் படத்தில் இரண்டரை மில்லிமீட்டருக்கும் குறைவு. ஓர் அரிசியில் பாதிகூட இல்லை. மனிதர் தெரியமாட்டார். ஆயினும் கூரையின் நிழல் தெரியும். நிழலின் நீளத்தைக் கொண்டு கட்டடத்தின் உயரத்தைக் கணக்கிட முடியும். அது மட்டுமன்று. விமானம் நேர்கோட்டில் பறந்தவாறே அடுத்தடுத்துப் படம் எடுக்கும்போது, ஒரு படத்தில் உள்ளதில் பாதிக்கும் மேல் அடுத்த படத்திலும் வருமாறு எடுப்பார்கள். அந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இரட்டைக் கண்ணாடி வழியே பார்த்தால் மேடு மேடாகவும் பள்ளம் பள்ளமாகவும் எழுந்து நிற்கும். நம் இரண்டு கண்களும் செய்யும் வேலைதான் இது. ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஊசியில் நூல் கோத்துப் பாருங்கள், உடனே விளங்கிவிடும்.

மேலிருந்து படம் பிடிக்கும் ஆசை விமானத்துக்கும் மூத்தது. 1858ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டின் நாதார் என்பவர் பலூனில் ஏறிப் படம் எடுத்தார். அந்தப் படம் இன்று இல்லை. 1860இல் அமெரிக்காவில் பாஸ்டன் நகரை ஜேம்ஸ் வாலஸ் பிளாக் எடுத்த படம் இருக்கிறது. இன்று எஞ்சியிருக்கும் ஆகாயப் படங்களில் அதுவே மூத்தது. பின்னர் முதல் உலகப் போர் இந்தக் கலையைப் படைக்கலமாக்கியது. நம் நாட்டிற்கு அது விரைவிலேயே வந்துவிட்டது. 1924இல் பெகாசஸ் என்னும் பிரிட்டிஷ் கப்பல் மிதவை விமானங்களை ஏற்றிக்கொண்டு வந்து மலாயாவில் படப்பிடிப்பு நடத்தியது. கெடாவைப் பொறுத்தவரை மேலிருந்து பார்த்த கண் முதலில் கேட்டைத்தான் கொண்டுவந்தது.

1941 அக்டோபரில் மசநோபு சுஜி என்னும் ஜப்பானிய இராணுவ அதிகாரி சைகோனிலிருந்து ஒரு வேவு விமானத்தில் புறப்பட்டு வட மலாயாவின் மேல் பறந்தார். அலோர் ஸ்டார், சுங்கை பட்டாணி விமானத்தளங்களைத் தம் கண்ணாலேயே பார்த்துச் சென்றார். போருக்குப் பிறகு எழுதிய நூலில் அவரே இதைச் சொல்லியிருக்கிறார். டிசம்பர் 8ஆம் நாள் அந்த இரண்டு தளங்களிலும் குண்டுகள் விழுந்தன. டிசம்பர் 11ஆம் நாள் முதல் பினாங்கு நகரின் மேல் குண்டு வீச்சு. 14, 15ஆம் நாள்களில் ஜெராய் மலையின் கிழக்கு அடிவாரமான குரூணில் சண்டை. 19ஆம் நாள் பினாங்கு ஜப்பானியர் கையில். தோட்டத்துப் பெரியவர்கள் ஜப்பான்காரன் காலம் என்று சொல்லும் காலம் இவ்வாறு தொடங்கிற்று. 1943 அக்டோபரில் கெடாவை ஜப்பான் சயாமிடம் ஒப்படைத்தது; பினாங்கைத் தன்னிடமே வைத்துக்கொண்டது. பினாங்குத் துறைமுகம் அவர்களுக்கு நீர்மூழ்கிக் கப்பல் தளம். ஜெர்மானிய நீர்மூழ்கிகளும் அங்கு வந்து தங்கின.

அந்தத் தளம் இருந்ததாலேயே பினாங்கு நேசநாட்டு விமானங்களின் கண்ணில் ஓயாது பட்டுக்கொண்டிருந்தது. 1944 அக்டோபரில் பிரிட்டிஷ் லிபரேட்டர் விமானங்கள் இந்தியாவிலிருந்து பறந்து வந்து துறைமுக வாயிலில் கடற்கண்ணிகளை இட்டுச் சென்றன. 1945 பிப்ரவரியில் அமெரிக்க பி-29 விமானங்களின் குண்டுகள் நகரில் விழுந்தன. குண்டு வீசும் முன் ஒரு படம், வீசிய பின் ஒரு படம் என்பது அக்காலப் போர்முறை. இந்தப் படங்களை எடுத்தவற்றுள் நாம் பெயர் சொல்லி நினைவில் வைக்க வேண்டியது பிரிட்டிஷ் விமானப் படையின் 684ஆம் படைப்பிரிவு. அதன் மொஸ்கிட்டோ விமானங்கள் மரத்தால் ஆனவை. போர்க்கருவி எதுவும் இன்றி, கேமராவையும் வேகத்தையும் மட்டுமே நம்பிப் பறந்தவை. 1945இல் அவற்றில் சில இந்துமாக் கடலில் உள்ள கொக்கோஸ் தீவுகளிலிருந்து மலாயா வரை வந்து திரும்பின. பினாங்கு நகரிலிருந்து ஜெராய் மலையைக் கடக்க அவற்றுக்கு ஏழெட்டு நிமிடம் போதும். அந்த ஏழெட்டு நிமிடத்தில் நகரத்து ஓட்டுக் கூரைகள், பிறை ரயில் முற்றம், வயல், சதுப்புக் காடு, கித்தாத் தோட்டம் எல்லாம் ஒரே சுருளில் பதிவாகிவிடும்.

அதே 684ஆம் படைப்பிரிவு சயாமின் மேலும் பறந்தது. அங்குள்ள ரயில் பாதைகளைப் படம் பிடித்தது. இதைக் கேட்கும்போது நம்மில் பலருக்கு நெஞ்சு ஒரு கணம் நிற்கும். சயாமுக்குப் போனவர் திரும்பவில்லை என்று சொல்லாத தோட்டக் குடும்பம் கெடாவில் குறைவு. 1942இன் நடுவில் தொடங்கி 1943 அக்டோபரில் முடிக்கப்பட்ட அந்தச் சயாம் பர்மாப் பாதையின் நீளம் 415 கிலோமீட்டர். மலாயாவிலிருந்து கொண்டு போகப்பட்டவர்கள் 70,000க்கும் மேற்பட்டோர். அவர்களில் பெரும்பாலோர் தோட்டத் தமிழர்கள். காலரா, மலேரியா, பசி, அடி. போர்க்கைதிகளாக இறந்த வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்குக் காஞ்சனபுரி நகரில் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. ஏறத்தாழ 7,000 கல்லறைகள், வரிசை வரிசையாக. நம்மவர்களுக்கு அப்படிப் பெயர் பொறித்த கல்லறைத் தோட்டம் இல்லை.

ஆகாயப் படம் இங்கே என்ன தரும்? ரயில் பாதை தெரியும், பாலம் தெரியும், காட்டை வெட்டிய இடமும் நீண்ட அத்தாப்புக் கூரைகளும் தெரியும். எந்தக் கூரையின் கீழ் யார் படுத்திருந்தார் என்பது தெரியாது. அதிகாரிகள் அந்தப் படங்களைப் பார்த்தது பாலத்தை உடைக்க, ரயில் வண்டிகளை எண்ண. ஆனால் கணக்கு முழுதும் அழிந்துபோன ஒரு கூட்டத்துக்கு, அவர்கள் இருந்த இடம் இது, இன்ன நாளில் இக்கூரைகள் இங்கே நின்றன என்று சொல்லும் சாட்சி சிறிய காரியம் அன்று. படையினரின் படம் ஒவ்வொன்றின் ஓரத்திலும் பறப்பின் எண், படத்தின் எண், நாள் ஆகியவற்றைக் குறித்து வைப்பது வழக்கம். ஆளுக்குப் பெயரில்லாத ஆவணத்தில் நாள் மட்டும் தவறாமல் இருக்கிறது!

இந்தப் போர்க்காலக் குப்பையில் வரலாறு இருக்கிறது என்று கண்டுகொண்டவர் ஒருவர் உண்டு. பீட்டர் வில்லியம்ஸ் ஹண்ட் என்பது அவர் பெயர். பிரிட்டிஷ் இராணுவத்தில் ஆகாயப் படங்களைப் படித்துச் சொல்லும் வேலை பார்த்தவர். இத்தாலியில் பணியில் இருந்தபோது ஜான் பிராட்போர்டு என்பவருடன் சேர்ந்து, கோதுமை வயல்களுக்கு அடியில் புதைந்து கிடந்த கற்கால ஊர்களின் அகழிகளைப் படங்களிலேயே கண்டுபிடித்தார். போர் முடியும் தறுவாயில் அவர் நம் பக்கம் வந்தார். சயாம், பர்மா, கம்போடியா, மலாயா ஆகிய நாடுகளின் மேல் எடுக்கப்பட்ட படங்களை ஆயிரக்கணக்கில் திரட்டினார். கிழக்குச் சயாமில் வட்டம் வட்டமாக அகழி சூழ்ந்த பழைய ஊர்கள் பலவற்றை அவற்றிலிருந்து கண்டறிந்து 1950இல் கட்டுரை எழுதினார். தரையில் அந்த அகழிகளின் பக்கத்திலேயே மாடு மேய்த்தவர்களுக்குக்கூட அவை வட்டம் என்று தெரிந்திருக்காது.

பிறகு அவர் மலாயாவில் பூர்வகுடிகளுக்கான அரசாங்க ஆலோசகரானார். செமாய் இனப் பெண் ஒருவரை மணந்தார். பூர்வகுடிகளைப் பற்றி 1952இல் ஒரு நூல் வெளியிட்டார். 1953இல், முப்பத்தைந்து வயதை ஒட்டிய இளமையிலேயே, காட்டில் நேர்ந்த ஒரு விபத்தின் பின் காலமானார். அவர் திரட்டிய படங்கள் இங்கிலாந்தில் வைக்கப்பட்டிருந்தன. லண்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எலிசபெத் மோர் அவற்றைக் கொண்டு சயாமின் அகழி ஊர்களை மேலும் ஆராய்ந்தார். ஜப்பானின் கியோத்தோ பல்கலைக்கழகத்துத் தென்கிழக்காசிய ஆய்வு மையம் அந்தப் படங்களைக் கணினியில் ஏற்றியிருக்கிறது. ஜப்பானியரோடு நடந்த போருக்காக எடுத்த படங்களை ஜப்பானியப் பல்கலைக்கழகமே பாதுகாத்து உலகுக்குக் கொடுக்கிறது என்பதைக் கவனியுங்கள்.

மலாயாவில் கேமரா ஓயவில்லை. 1946 செப்டம்பரில் 684ஆம் படைப்பிரிவு 81ஆம் படைப்பிரிவு என்று எண் மாறியது. அதன் படங்களைக் கொண்டு நாட்டின் நிலப்படங்கள் திருத்தப்பட்டு வந்த வேளையில், 1948 ஜூனில் அவசரகாலம் பிறந்தது. இப்போது கேமரா தேடியது காட்டுக்குள் மறைந்திருந்த கெரில்லாக்களை. ஆளைப் பார்க்க முடியாது. ஆகவே காட்டின் நடுவே மரவள்ளியும் கீரையும் பயிரிட்ட சின்னத் திட்டுகளைத் தேடினார்கள். அது கெரில்லாக்களின் கொல்லையா, பூர்வகுடிகளின் லாடாங்கா என்று படத்தைப் படிப்பவர் பிரித்துச் சொல்ல வேண்டும். தவறாகச் சொன்னால் யாருடைய கொல்லை அழியும் என்பதை விளக்க வேண்டியதில்லை. 1954 ஏப்ரல் 1ஆம் நாள் இப்படையின் ஸ்பிட்ஃபயர் விமானம் ஒன்று சிங்கப்பூர் செலேத்தார் தளத்திலிருந்து கிளம்பி ஜொகூர்க் காட்டைப் படம் எடுத்துத் திரும்பியது. பிரிட்டிஷ் விமானப் படையில் ஸ்பிட்ஃபயர் செய்த கடைசிப் போர்ப்பணி அதுதான். ஹிட்லரின் விமானங்களை எதிர்த்துப் பெயர் பெற்ற விமானம், நம் நாட்டுக் காட்டில் கொல்லை தேடித் தன் கணக்கை முடித்துக்கொண்டது.

அவசரகாலத்தில் 400க்கும் மேற்பட்ட புதுக்கிராமங்களில் சுமார் ஐந்து லட்சம் பேர் குடியேற்றப்பட்டனர். இது பாடநூல்களில் உண்டு. தோட்டங்களிலும் சுரங்கங்களிலும் சிதறியிருந்த லயங்களை ஒரே இடத்தில் சேர்த்து முள்கம்பி போட்டது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. ஆனால் அவ்வாறு சேர்க்கப்பட்டவர்கள் ஆறு லட்சத்துக்கும் மேல். அவசரகாலத்துக்கு முந்திய படத்தையும் பிந்திய படத்தையும் பக்கத்தில் வைத்தால் இது பளிச்சென்று தெரியும். முன்னதில் ஆற்றோரம் நான்கு கூரை, மேட்டில் ஆறு கூரை, பால் கொட்டகை அருகே ஐந்து கூரை. பின்னதில் அவை மறைந்து, ஆபீசுக்கு அருகே நெருக்கமான வரிசைகள். சுற்றிலும் செடிகொடி வெட்டப்பட்ட வெளிறிய பட்டை. அந்தப் பட்டைதான் கம்பி வேலி. மேல்லயம், ஆத்துலயம் என்று இன்றும் சில தோட்டங்களில் வெறும் காட்டைச் சுட்டிப் பெரியவர்கள் சொல்வது வெறும் பழக்கப் பேச்சு அன்று.

இனி கெடா நிலத்தையே மேலிருந்து படிப்போம். வயல்வெளியின் நடுவே அலோர் ஸ்டாரிலிருந்து குரூண் நோக்கி ஒரு கோடு அடித்தாற்போல் ஓடும் நீர் தெரியும். ஆறு இவ்வாறு ஓடாது. இது கெடாவின் முதலமைச்சராக இருந்த வான் முகமது சமான் 1885 முதல் பத்தாண்டுக்கும் மேல் முயன்று வெட்டிய வான் மாட் சமான் கால்வாய். இரவில் விளக்குகளை வரிசையாக ஏற்றி வைத்து நேர் பார்த்தார்கள் என்று மக்கள் சொல்லிவருகிறார்கள். 1966க்கும் 1970க்கும் இடையே நிறைவேறிய மூடா நீர்ப்பாசனத் திட்டத்துக்குப் பிறகு எடுத்த படங்களில், அந்த ஒற்றைக் கோட்டைச் சுற்றி வலை போலக் கால்வாய்கள் பின்னிக் கிடக்கும். ஒரு போகம் இரு போகமானது இந்த வலையால்தான்.

கடலோரமாகப் பார்த்தால் கரைக்கு இணையாகச் சில வெளிறிய வரிகள் தெரியும். மலாய் மொழியில் பெர்மாத்தாங் என்பார்கள். ஒரு காலத்தில் கடலலை குவித்துவிட்டுப் போன மணல் மேடுகள் அவை. கடல் பின்வாங்கப் பின்வாங்க ஒன்றன்பின் ஒன்றாகத் தரைக்குள் சிக்கிக்கொண்டன. மேடுகளில் வீடும் தென்னையும், இடைப்பட்ட தாழ்வில் நெல்லும் இருக்கும். பெர்மாத்தாங் பாவ் போன்ற ஊர்ப்பெயர்கள் இதனால் வந்தவை. தரையில் நடப்பவருக்கு ஓரிரு அடி உயர வேறுபாடு கண்ணில் படாது. மேலிருந்து பார்ப்பவருக்குக் கடல் ஏறி இறங்கிய கணக்கே தெரிந்துவிடும். இராஜேந்திர சோழனின் படை 1025இல் கடாரத்தைத் தாக்கியதைத் தஞ்சைக் கல்வெட்டு சொல்கிறது. அக்காலக் கப்பல்கள் இன்றைய கரையில் வந்து நின்றிருக்கும் என்று நினைத்தால் பொருந்தாது. மெர்போக், மூடா ஆறுகளின் முகத்துவாரம் அன்று அகன்றிருந்தது. சுங்கை மாஸ், பெங்காலான் பூஜாங் போன்ற பழைய துறைகள் இன்று கடலை விட்டு உள்ளே கிடக்கின்றன.

இவ்வளவு சொல்லும் படம், பூஜாங் பள்ளத்தாக்கின் சண்டிகளைக் காட்டுமா என்று கேட்டால், பெரும்பாலும் காட்டாது என்றே சொல்ல வேண்டும். குவாரிட்ச் வேல்சும் அவர் மனைவி டோரத்தியும் 1936, 1937 ஆண்டுகளில் ஆற்றோரமாக நடந்தும் தோண்டியும்தான் அவற்றைத் தேடினார்கள். செங்கல் அடித்தளம் மண்ணுக்குள், மண்ணுக்கு மேல் கித்தா மரம், மரத்துக்கு மேல் இலைக்கூரை. சுங்கை பத்துத் தோட்டத்தில் இருந்த பதினொன்றாம் எண் சண்டி 2013இல் வீடமைப்பு வேலைக்காக இடிக்கப்பட்டது வெளியே தெரிந்து நாடே பேசியது. அதே சுங்கை பத்துவில், 2009 முதல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் நடத்திய அகழாய்வு பழைய இரும்பு உருக்கு உலைகளை வெளிக்கொணர்ந்தது. ஒருபக்கம் தோண்டி எடுக்கிறோம், ஒருபக்கம் தள்ளி இடிக்கிறோம்.

கித்தா மரத்தின் இலைக்கூரை என்றோமே, அதற்கும் ஒரு விடுமுறை உண்டு. தோட்டத்தில் வேலை செய்பவர்களுக்கு நாம் சொல்லித் தர வேண்டியதில்லை. வடக்கே கெடாவில் தை, மாசி வறட்சியில் மரம் இலையைக் கொட்டிவிட்டு மொட்டையாக நிற்கும். பால் குறையும், கைக்காசும் குறையும். அந்த வாரங்களில் ஒரு விமானம் மேலே பறந்திருந்தால், அதுவே நமக்கு நல்ல படம். இலையில்லாத கிளைகளின் ஊடே காட்டுப்பாதை, கிணறு, சின்னப் பாலம், புதைகுழி மேடுகள் எல்லாம் தெரியும். நமக்குப் பால் கிடைக்காத பருவத்தில் படத்துக்குத் தரை கிடைக்கிறது.

தோட்டத்தை மேலிருந்து படிப்பதில் சில அடையாளங்களைப் பிடித்துக்கொண்டால் போதும். மேட்டின் உச்சியில் தனியே ஒரு கூரை, அதைச் சுற்றிப் புல்தரை, வளைந்து ஏறும் சடக்கு: துரை பங்களா. அதற்குக் கீழே தோட்டத்தோடு கூடிய இரண்டு மூன்று வீடு: கிராணிமார் வீடு. நீர் உள்ள தாழ்வில் பெரிய கூரை, புகையால் கறுத்தது: பால் காய்ச்சும் கொட்டகையும் புகைக்கூடமும். அடுத்து இணையாக நீண்ட கூரைகள்: லயம். அவற்றிலிருந்து சற்றே ஒதுங்கி, மரத்தடியில் சின்னஞ்சிறு சதுரம் ஒன்று: நம் மாரியம்மனோ முனியாண்டியோ. இந்த ஏற்ற இறக்கத்தைப் பற்றிப் புத்தகம் புத்தகமாக எழுதியிருக்கிறார்கள். ஒரே படத்தில், யார் மேட்டில் யார் பள்ளத்தில் என்று எந்த விளக்கமும் இல்லாமல் தெரிகிறது.

ஆண்டுகள் செல்லச் செல்ல வரும் படங்களில் மாற்றத்தையும் படிக்கலாம். ஐம்பதுகளில் ஒரே வயது மரங்களோடு சீராக இருந்த ஒரு பெரும் தோட்டம், அறுபதுகளில் ஒட்டுப்போட்ட துணி போல ஆகிவிட்டிருந்தால், அது துண்டாடப்பட்ட தோட்டம். வெள்ளைக்கார முதலாளிகள் விற்றுவிட்டுப் போக, வாங்கியவர்கள் கூறு கூறாகப் பிரித்து விற்றார்கள். வேலையும் வீடும் ஒன்றாகப் பறிபோன குடும்பங்கள் ஆயிரமாயிரம். அதைத் தடுக்கவே துன் வீ. தி. சம்பந்தன் தலைமையில் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. அது முதலில் வாங்கிய தோட்டம் நம் கெடாவின் புக்கிட் சிடிம். அதற்குப் பின் வந்த படங்களில் வரிசை வரிசையான கித்தா மறைந்து, நட்சத்திரம் நட்சத்திரமாகப் படர்ந்த செம்பனை வருகிறது. பின்னர் செம்பனையும் மறைந்து, பளபளக்கும் தொழிற்சாலைக் கூரைகளும் வீடமைப்புப் பகுதிகளும் வருகின்றன. 1996இல் திறக்கப்பட்ட கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்காவும், பெருகிய சுங்கை பட்டாணி நகரும் இந்த மாற்றத்தின் உருவங்கள்.

தோட்டம் விற்கப்பட்டு லயம் உடையும்போது, கோயில் எத்தனை ஆண்டாக இங்கே இருக்கிறது, சுடுகாடு எதுவரை, பள்ளித்திடல் எந்த எல்லை வரை என்ற கேள்விகள் எழுகின்றன. பத்திரம் நம்மிடம் இருப்பதில்லை. எங்கள் தாத்தா காலத்திலிருந்து இருக்கிறது என்கிறோம். அதை எழுதிக்கொள்பவர் தலையை ஆட்டிவிட்டுத் தேதி கேட்கிறார். தேதி குறித்த ஆகாயப் படம் ஒன்றில் அந்தச் சின்னஞ்சிறு சதுரம் இருக்குமானால், பேச்சு வேறு நிலைக்குப் போகிறது. சொந்தம் யாருக்கு என்பதை அது தீர்க்காது. இருந்ததா இல்லையா என்பதைத் தீர்க்கும்.

அப்படியானால் படங்கள் எங்கே? பிரிட்டிஷார் எடுத்தவற்றில் பெரும்பகுதி ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் உள்ள தேசிய வான்படச் சேகரிப்பில் இருக்கிறது. உலகின் பல நாடுகளைச் சேர்ந்த கோடிக்கணக்கான படங்கள் அங்கு உண்டு. நம் நாட்டில் நில அளவை, படவரைவுத் துறையிடம் ஆகாயப் படங்கள் இருக்கின்றன. பாதுகாப்புக் காரணத்தால் அவற்றில் பல வரையறைக்கு உட்பட்டவை. முறைப்படி விண்ணப்பித்து அனுமதி பெற்றே பார்க்க வேண்டும். எழுதத் தெரிந்த பிள்ளைகள் இன்று ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிறார்கள். தோட்டத்தின் பெயர், மாவட்டம், அருகே உள்ள ஆறு, ஏறத்தாழ எந்த ஆண்டு என்ற நான்கும் தெரிந்தால் கடிதம் எழுதிவிடலாம்.

ஆனால் கடிதத்துக்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. படத்துக்குப் பேச்சு வராது. எடின்பரோவில் உள்ள அதிகாரிக்கு அது கூரை. எந்தக் கூரையில் ஆயாக் கொட்டகை நடந்தது, எந்தக் கிணற்றில் கோடையிலும் நீர் ஊறியது, எந்த மேட்டில் யாரைப் புதைத்தோம் என்பது எழுபது எண்பது வயதானவர்களிடம்தான் இருக்கிறது. பிள்ளைகள் ஒரு தாளில் ஆற்றையும் சடக்கையும் மட்டும் வரைந்து அவர்கள் முன் வைக்கட்டும். அவர்கள் விரலை வைத்த இடத்தில் ஒரு புள்ளி, புள்ளிக்குப் பக்கத்தில் ஒரு பெயர். பழைய படம் பிறகு வந்து சேரும்போது இந்தத் தாளை அதன்மேல் வைத்துப் பார்க்கலாம்.

பழைய படம் கிடைக்காத தோட்டங்களுக்கும் ஒரு வழி உண்டு. இன்று கைத்தொலைபேசியிலேயே செயற்கைக்கோள் படம் பார்க்க முடிகிறது. லயம் இருந்த இடம் தேடுகிறவர்கள் கூரையைத் தேட வேண்டாம், மரத்தைத் தேடுங்கள். செம்பனையின் ஒழுங்கான நட்சத்திரங்களுக்கு நடுவே ஒழுங்கில்லாமல் ஒரு கரும்பச்சைத் திட்டு தெரிந்தால் அருகே சென்று பாருங்கள். கொல்லைப்புறத்தில் நம்மவர்கள் வைத்த மாவும் பலாவும் முருங்கையும் கூரை போன பிறகும் வரிசை மாறாமல் நிற்பதுண்டு. தனியாக ஓர் அரசமரமோ வேம்போ இருந்தால் அது கோயிலடி. இரண்டுக்கும் இடையே காலால் அளந்தால், லயத்திலிருந்து கோயிலுக்கு எத்தனை எட்டு என்று அப்பத்தா சொன்ன கணக்கோடு அது ஒத்து வரும்.